10 கிலோமீட்டர் வேகத்துல போற ஃபோர்க்லிஃப்ட்டுக்கு பெல்ட் எதுக்கு?

கோடவுன்_கீப்பர் | 3 செப்டம்பர் 2024, இரவு 9.40

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கிடங்கு. 3 டன் டீசல் வண்டி 4, எலக்ட்ரிக் 2. போன வாரம் வந்த ஆடிட்டர் "பெல்ட் போடாத டிரைவரை வண்டியை விட்டு இறக்குங்க"ன்னு எழுதிட்டுப் போயிட்டார். எனக்கு இது புரியல. கார்ல பெல்ட் எதுக்கு? 80-ல போய் மோதினா கண்ணாடியைப் பிச்சுக்கிட்டு வெளிய போகாம இருக்க. இங்க வேகமே 10, மிஞ்சினா 12. டிரைவர் ஒரு ஷிஃப்ட்டுல நூறு தடவை ஏறி இறங்குறார். வண்டி சாஞ்சா குதிச்சுத் தப்பிக்கலாம், பெல்ட் போட்டா அதுவும் முடியாது. மாட்டிக்கிட்டு சாகணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சிவப்பு_டேக் | 3 செப்டம்பர் 2024, இரவு 10.15

கடைசி வரியிலதான் தப்பு இருக்கு. ஃபோர்க்லிஃப்ட் பெல்ட் மோதலுக்காக வந்ததே இல்ல, குதிக்கிறதைத் தடுக்க வந்தது.

வண்டி இடப்பக்கம் சாயுதுன்னு வைங்க. உடம்பும் இடப்பக்கம்தான் தள்ளப்படும், பயத்துல குதிக்கிறதும் அந்தப் பக்கம்தான். எதிர்ப்பக்கம் குதிக்கணும்னா மேல்நோக்கி ஏறணும், அந்த நேரத்துல யாராலயும் முடியாது. தலைக்கு மேல இருக்கிற ஓவர்ஹெட் கார்டு தரையிலிருந்து சுமார் 2.1 மீட்டர் உயரம். அது டயரை அச்சா வெச்சு கால் வட்டம் சுத்தி, டயர்லேர்ந்து கிட்டத்தட்ட அதே 2.1 மீட்டர் தள்ளித் தரையில விழும். நீங்க உட்கார்ந்த நிலையிலேர்ந்து, ஒன்றரை நொடியில, ஸ்டியரிங்கைத் தாண்டி, அந்த 2.1 மீட்டருக்கும் அப்பால குதிச்சா பிழைப்பீங்க. மனுஷன் குதிச்சா விழறது ஒரு மீட்டர் தூரத்துல. சரியா அந்தக் கம்பிக்கு அடியில. எலிப்பொறி எப்படி வேலை செய்யுதோ அதே கணக்கு. தலை இல்லன்னா நெஞ்சு மாட்டும், மேல நாலு டன்னுக்கு மேல எடை.

உள்ளயே இருந்தா? கார்டு தரையில மோதி நின்னுடும். உள்ள ஒரு கூண்டு மாதிரி இடம் மிச்சம் இருக்கும். தோள்ல அடி படலாம், கை முறியலாம்.

ரீச்_டிரக்_44 | 3 செப்டம்பர் 2024, இரவு 11.02

சிவப்பு_டேக் சொன்னதோட இதையும் சேர்த்துக்கோங்க. பயிற்சியில டிரைவருக்குச் சொல்லித் தர வேண்டியது நாலே அசைவு: ஸ்டியரிங்கை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடி, காலை ஃபுளோர்ல அழுத்தி ஊன்று, சாயற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் உடம்பைச் சாய், வண்டி ஆடி அசைஞ்சு நிக்கிற வரைக்கும் விடாதே. கார்டு தூணை வெளிப்பக்கமா பிடிக்கிற பழக்கம் நிறைய பேருக்கு உண்டு. சாயும்போது அந்த விரல்கள் தூணுக்கும் தரைக்கும் நடுவுல போகும். பழக்கத்தை முதல் நாளே மாத்தணும்.

இது உட்கார்ந்து ஓட்டற கவுண்டர்பேலன்ஸ் வண்டிக்கு (பின்னாடி கனமான எடை வெச்சு முன்னாடி லோடைச் சமன் பண்ற வண்டி) மட்டும். நின்னு ஓட்டற வண்டி பத்தி அப்புறம் எழுதறேன், அங்க பாடமே தலைகீழ்.

கோடவுன்_கீப்பர் | 4 செப்டம்பர் 2024, காலை 7.20

சரி, குதிக்கக் கூடாதுங்கறது புரியுது. ஆனா 10 கிலோமீட்டர்ல எப்படி சாயும்? அதுவும் எங்க டிரைவருங்க லோடு இருக்கும்போது மெதுவாத்தான் போவாங்க. காலி வண்டியிலதான் கொஞ்சம் விரட்டுவாங்க.

பேட்டரி_ரூம் | 4 செப்டம்பர் 2024, காலை 8.05

அண்ணே, காலி வண்டியிலதான் விரட்டுவாங்கன்னு சொன்னீங்களே, அங்கதான் சாயும்.

கணக்கு எளிது. வேகத்தை அதே வேகத்தால பெருக்கி, வளைவோட ஆரத்தால வகுக்கணும். 10 கி.மீ. வேகம்னா நொடிக்கு 2.78 மீட்டர். 2.5 மீட்டர் ஆரத்துல ஸ்டியரிங்கை ஒடிச்சா பக்கவாட்டு இழுப்பு புவியீர்ப்புல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு வரும். 70 கிலோ ஆளை 22 கிலோ விசை பக்கவாட்டுல தள்ளுது. அதே வளைவை 15 கி.மீ.ல எடுத்தா 50 கிலோ. வேகம் ஒன்றரை மடங்கு, இழுப்பு ரெண்டே கால் மடங்கு. ஃபோர்க்லிஃப்ட் பின் சக்கரத்துல திரும்பற வண்டி, கார் மாதிரி பெரிய வளைவு எடுக்காது, நின்ன இடத்துல சுத்தற மாதிரி சுத்தும். அதனால ஆரம் சின்னது, இழுப்பு பெரிசு.

இப்ப காலி வண்டி விஷயம். முன் அச்சு சேஸிஸோட இறுக்கிப் போல்ட் போட்டது. பின் அச்சு நடுவுல ஒரே ஒரு பின்னுல (இரும்பு முளை) தொங்குது, மேடு பள்ளத்துக்கு ஏத்த மாதிரி ஆடணும்ல. அதனால நாலு சக்கரம் இருந்தாலும் வண்டி நிக்கிறது மூணு புள்ளியில: முன்னாடி ரெண்டு டயர், பின்னாடி அந்த முளை. முக்கோணம். முன்பக்கம் அகலம், பின்னாடி போகப் போக ஒடுங்கும். காலி வண்டியில எடையில சுமார் 60 சதவீதம் பின்னாடி, கவுண்டர்வெயிட் அங்கதானே. அப்ப எடை மையம் முக்கோணத்தோட ஒடுங்கின பகுதியில இருக்கு. பக்கவாட்டுல கொஞ்சம் நகர்ந்தாலே கோட்டைத் தாண்டிடும். முழு லோடு ஏத்தினா எடையில 90 சதவீதம் கிட்ட முன் அச்சுக்குப் போயிடும், மையம் அகலமான இடத்துக்கு வந்துடும். லோடு கீழ இருந்தா பக்கவாட்டுல அதுதான் உறுதி. காலியாப் போய் ஒரு திருப்பு திருப்பறதுதான் வண்டியைக் கவுக்கும்.

சிவப்பு_டேக் | 4 செப்டம்பர் 2024, காலை 8.30

"லோடு கீழ இருந்தா"ங்கறதைத் தடிச்ச எழுத்துல படிங்க. இதைப் பாதி படிச்சுட்டு "லோடு இருந்தா பத்திரம்"னு எவனாவது டீக்கடையில சொல்லிடப் போறான்.

பேட்டரி_ரூம் | 4 செப்டம்பர் 2024, மாலை 6.50

சரிதான், அதையும் சொல்லிடறேன். மாஸ்ட்டை, அதாவது லோடைத் தூக்கற முன்பக்கத் தூணை, மேல தூக்கினா கதையே வேற, அங்க வேகமே தேவையில்ல. முன் டயர் ரெண்டுக்கும் இடையில சுமார் ஒரு மீட்டர் அகலம். ஒரு பக்க டயர் காத்து குறைஞ்சு 2 சென்டிமீட்டர் இறங்கியிருக்குன்னா வண்டி ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் மேல சாஞ்சு நிக்குது. கண்ணுக்கே தெரியாது. 4 மீட்டர் உயரத்துல இருக்கிற பாலெட் (சரக்கு அடுக்கற பலகை) அப்ப 8 சென்டிமீட்டர் பக்கவாட்டுல நகர்ந்திருக்கும். மாஸ்ட் ரோலர் தேய்மானம், செயின் ஒரு பக்கம் தளர்ச்சி, பாலெட்டை ஓரமா எடுத்தது எல்லாம் இது மேல கூடிக்கிட்டே போகும். அந்த நேரத்துல பிரேக்கை ஒரு குத்து குத்தினா போதும்.

ஓடும்போது ஃபோர்க் தரையிலிருந்து 15–20 சென்டிமீட்டர், மாஸ்ட் பின்சாய்வு. காலி வண்டிக்கும் அதேதான்.

ஜூரோங்_நைட்_ஷிஃப்ட் | 4 செப்டம்பர் 2024, இரவு 11.48

பேட்டரி_ரூம் அண்ணா, முக்கோணம்னு எல்லா வகுப்புலயும் போர்டுல வரையறாங்க. ஆனா பின் அச்சு ஸ்டாப்பர்ல (ஆட்டத்தை நிறுத்தற தடுப்பு) முட்டின பிறகு அது ஆடாதே. அதுக்கப்புறம் வண்டி நாலு காலில நிக்கிற மாதிரிதானே? அப்ப முக்கோணக் கதை பாதிதானே உண்மை?

பேட்டரி_ரூம் | 5 செப்டம்பர் 2024, காலை 6.30

நல்லாப் பிடிச்சீங்க. நேத்து காலையில எழுதினதை அந்த அளவுக்குத் திருத்திக்கறேன். முக்கோணக் கோட்டைத் தாண்டினதும் உடனே கவிழாது. முதல்ல சேஸிஸ் பின் அச்சு மேல உருண்டு ஸ்டாப்பர்ல முட்டும். அங்கேர்ந்து தாங்கற அடித்தளம் அகலமாகுது. மெதுவா சாஞ்ச வண்டி அங்கேயே நின்னு திரும்பி உட்காரும். ஆனா வேகமாத் திரும்பி வந்த வண்டி அந்த முட்டலுக்குள்ள நல்ல உருள் வேகத்தோட வரும், ஸ்டாப்பர் அதை நிறுத்தாது. டிரைவருக்கு அந்த "டக்"னு ஒரு உதை தெரியும். பல பேர் குதிக்கிறது சரியா அந்த உதையிலதான். பெல்ட் போட்டிருந்தா, கவிழாமலே தப்பிச்சிருக்கக்கூடிய ஒரு சாய்வுல ஆள் வெளிய விழமாட்டான். இந்தப் பாதியை யாருமே பேசறதில்ல.

டொயோட்டா வண்டிகள்ல இதுக்குன்னே பின் அச்சுல ஒரு லாக் சிலிண்டர் உண்டு. பக்கவாட்டு இழுப்பு, லோடு உயரம் ரெண்டையும் சென்சார் பார்த்து அச்சைப் பூட்டிடும், முக்கோணம் தற்காலிகமா நாற்கரம் ஆகும். அது இருக்குன்னு பெல்ட்டைக் கழட்டச் சொல்லி எந்த மேனுவலும் சொல்லல. சென்சார் வயர் போனா டேஷ்ல எரர் கோடு வரும், அதோட ஓட்டிக்கிட்டே இருக்கிற ஆளுங்க நிறைய.

சிவப்பு_டேக் | 5 செப்டம்பர் 2024, பகல் 1.15

சட்டம் கேட்டு ரெண்டு பேர் தனிச்செய்தி அனுப்பியிருக்காங்க, பொதுவிலயே போடறேன். இந்தியாவில இதை எழுதற 2024-ல நடப்புல இருக்கிறது தொழிற்சாலைகள் சட்டம் 1948. 7ஏ பிரிவு உரிமையாளரோட பொதுக் கடமை: இயந்திரமும் வேலைமுறையும் பாதுகாப்பா இருக்கணும், பயிற்சியும் மேற்பார்வையும் கொடுக்கணும். 111வது பிரிவு தொழிலாளியோட கடமை: பாதுகாப்புக்காகக் கொடுத்த சாதனத்தை வேணும்னே பயன்படுத்தாம விடக் கூடாது, அதுல கை வெச்சுக் கெடுக்கவும் கூடாது. மீறினா மூணு மாசம் வரை சிறை, அல்லது 100 ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். 100 ரூபாய்க்கு இன்னிக்கு ஒரு பக்கிள்கூட வராது.

அமெரிக்காவில ஓஷா (தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பு) விதி 1910.178. அதுல பெல்ட் கட்டாயம்.

சிவப்பு_டேக் | 5 செப்டம்பர் 2024, மாலை 5.40

மேல கடைசி வரியை அடிச்சிடுங்க, அவசரத்துல எழுதினது. 1910.178-ஐ முதல்லேர்ந்து கடைசி வரை படிச்சாலும் பெல்ட் போடணும்னு ஒரு வரி கிடையாது. ஓஷா பிடிக்கிறது வேற வழியில. 1970 சட்டத்தோட 5(ஏ)(1), அதாவது தெரிஞ்ச ஆபத்துலேர்ந்து தொழிலாளியைக் காக்கணும்ங்கற பொதுக் கடமை. 1996 அக்டோபர்ல அதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு அனுப்பினாங்க. அதன்படி வண்டியில பெல்ட் இருந்தும் போட வைக்கலைன்னா நோட்டீஸ். பழைய வண்டிக்குத் தயாரிப்பாளர் பெல்ட் கிட் தர முன்வந்தும் முதலாளி வாங்கிப் பொருத்தலைன்னாலும் நோட்டீஸ். பிரிட்டன்ல வேலைக் கருவிகள் பத்தின 1998 ஒழுங்குவிதிகள்ல 27வது விதி ஃபோர்க்லிஃப்ட் கவிழ்றதுக்குன்னே தனியா இருக்கு.

நம்ம ஊர்லயும் இதே தர்க்கம்தான். "சீட் பெல்ட்"ங்கற சொல்லை 1948 சட்டத்துல தேடிக்கிட்டு இருக்காதீங்க. தயாரிப்பாளர் பெல்ட் போட்டு அனுப்பி, போடுன்னு மேனுவல்ல எழுதி, சீட்டு பக்கத்துல ஸ்டிக்கரும் ஒட்டியிருக்கார். அதுக்கப்புறம் "ஆபத்து எனக்குத் தெரியாது"ன்னு இன்ஸ்பெக்டர் முன்னாடி சொல்ல முடியாது.

கோடவுன்_கீப்பர் | 5 செப்டம்பர் 2024, இரவு 8.10

ஒத்துக்கறேன். ஆனா நூறு தடவை ஏறி இறங்கறதுக்கு யாரும் பதில் சொல்லல. அதுதான் எனக்கு நிஜப் பிரச்சினை. திட்டினா போடறாங்க, சூப்பர்வைசர் திரும்பினா முதுகுக்குப் பின்னாடி மாட்டிட்டு மேல உட்கார்ந்துக்கறாங்க.

ரீச்_டிரக்_44 | 5 செப்டம்பர் 2024, இரவு 9.30

நல்ல கேள்வி. மாட்டி, கழட்ட 4 நொடி. 120 தடவைன்னா 8 நிமிஷம். 8 மணி நேர ஷிஃப்ட்டுல 8 நிமிஷத்துக்கு யாரும் டார்கெட்டைத் தவற விடறதில்ல. டிரைவருக்கு எரிச்சல் நேரத்தால இல்ல, இறங்கறதாலயே. அதனால பெல்ட்டைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி ஒரு ஷிஃப்ட் முழுக்க ஒரு ஆளை நோட்டுப் புத்தகத்தோட உட்கார வெச்சு, டிரைவர் எதுக்காக இறங்கறார்னு கோடு போட்டு எண்ணச் சொல்லுங்க. நாலைஞ்சு காரணம்தான் திரும்பத் திரும்ப வரும்:

பார்கோடு ஸ்கேன் பண்ண இறங்கறது. நெடுந்தூர ஸ்கேனர் ஒண்ணை வண்டியிலயே ஹோல்டர்ல மாட்டினா சீட்லேர்ந்தே ராக் லேபிளை அடிக்கலாம். பாதி இறக்கம் இதுலயே போயிடும்.

கோணலா நிக்கிற பாலெட்டை, பிஞ்ச ஷ்ரிங்க் ராப்பைச் சரி பண்ண இறங்கறது. இது பேக்கிங் பக்கம் தீர்க்க வேண்டிய வேலை, டிரைவர் தலையில விழுது.

ஷட்டர் திறக்க. கயிறு இழுத்தா திறக்கற சுவிட்சை டிரைவர் கை எட்டற உயரத்துல தொங்க விடலாம்.

கேட் பாஸ்ல கையெழுத்து. ஜன்னலை வண்டிப் பக்கம் நகர்த்துங்க, இல்லன்னா பேப்பரை ஹெல்ப்பர் எடுத்துட்டு வரட்டும்.

மிச்சம் இருக்கிறது உண்மையிலேயே இறங்க வேண்டிய வேலை. அதுக்கு பெல்ட் போடச் சொன்னா டிரைவரே மறுக்கறதில்ல. இதைச் செய்யாம ஃபைன் மட்டும் போட்டா, முதுகுக்குப் பின்னாடி மாட்டற வித்தைதான் வளரும்.

பேட்டரி_ரூம் | 5 செப்டம்பர் 2024, இரவு 10.55

இன்னொரு நிஜமான புகார் இருக்கு, ரிவர்ஸ். ஒரு ஷிஃப்ட்டுல பாதி நேரம் பின்னாடி பார்த்து ஓட்டற வேலை. நீளத்தை நாமே இழுத்து இறுக்கற பழைய பெல்ட் இருந்தா இடுப்பைத் திருப்ப முடியாது, அரை மணி நேரத்துல கழட்டிடுவான். அவன் மேல தப்பு சொல்ல மாட்டேன். தானா சுருட்டிக்கிற ரிட்ராக்டர் பெல்ட் போடுங்க. அதுலயும் ரெண்டு வகை. ஒண்ணு, மாட்டினதும் நீளம் பூட்டிக்கும், சுருங்கும், ஆனா விரியாது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஒரு பல் இறுகி மதியத்துக்குள்ள வயித்தைப் பிடிக்கும். இன்னொண்ணு சாதாரணமா நீளும் சுருங்கும், சாய்வோ வெடுக்குனு இழுப்போ வந்தா மட்டும் பூட்டும். ரிவர்ஸ் அதிகம்னா இந்த ரெண்டாவதுதான். கூடவே பின் வலது தூண்ல ஹார்ன் பட்டனோட ஒரு கைப்பிடி. உடம்பைத் திருப்ப அது நல்ல பிடிமானம், பிடிக்கற கையும் தூணுக்கு உள்பக்கமே இருக்கும்.

ரெண்டாவது வகையில ஒரு குறும்பு இருக்கு. ரேம்ப்ல நிறுத்திட்டு இறங்கினவன் திரும்ப ஏறி இழுத்தா பெல்ட் வராது. உள்ள இருக்கிற குண்டு சாய்வை உணர்ந்து பூட்டிடும். "பெல்ட் ஜாம்"னு எழுதி வர்ற கம்ப்ளெய்ன்ட்ல இது நிறைய. பிரிச்சுப் பார்த்தா ஒண்ணும் இருக்காது, பெல்ட் தன் வேலையைத்தான் செஞ்சிருக்கு. முழுசா உள்ள சுருள விட்டு, மெதுவா இழுத்துப் பாருங்க. அப்பவும் வரலைன்னா சாய்வு ரொம்ப அதிகம்னு அர்த்தம். அங்க வண்டியை நிறுத்தினதே தப்பு.

ஜூரோங்_நைட்_ஷிஃப்ட் | 6 செப்டம்பர் 2024, அதிகாலை 3.12

பேசாம இன்டர்லாக் போட்டுடுங்க. பெல்ட் மாட்டலைன்னா வண்டி நகராது. விவாதமே முடிஞ்சது.

பேட்டரி_ரூம் | 6 செப்டம்பர் 2024, காலை 7.05

தம்பி, இன்டர்லாக்கை ஏமாத்தறது எப்படின்னு எல்லா டிரைவருக்கும் தெரியும், நான் சொல்லி யாரும் கெடப் போறதில்ல. பழைய கார் பெல்ட்டோட நாக்கை வெட்டி எடுத்து பக்கிள்ல சொருகி விட்டா போதும். இல்லன்னா சீட்டுக்கு அடியில ரெண்டு வயரைப் பிடிச்சு முறுக்கி டேப் சுத்தறது. பக்கிள் சுவிட்சை மட்டும் பார்க்கற அமைப்பு இதுல எதையும் கண்டுபிடிக்காது.

கண்டுபிடிக்கிறது வரிசை பார்க்கற அமைப்பு. முதல்ல சீட் சுவிட்ச் அழுந்தணும், அதுக்கப்புறம் பக்கிள் மூடணும், இந்த வரிசையில வந்தாத்தான் டிராவல், அதாவது வண்டி நகர்ற இயக்கம், கிடைக்கும். ஆள் உட்கார்றதுக்கு முன்னாடியே பக்கிள் மூடியிருந்தா வண்டி நகராது. ஒவ்வொரு தடவை எழுந்து உட்கார்ந்தாலும் கழட்டி மாட்டணும். வெட்டின நாக்கும், முதுகுக்குப் பின்னாடி மாட்டறதும் ரெண்டுமே இதுல செல்லாது.

வாங்கறப்ப இன்னும் ரெண்டு விஷயம் கேளுங்க. சீட் சுவிட்சுக்கு ஒன்றிரண்டு நொடி தாமதம் இருக்கா? இல்லன்னா வேகத்தடையில உடம்பு எம்பினதும் டிராவல் அறுந்து வண்டி குலுங்கும், அன்னிக்கு சாயந்திரமே யாராவது வயரை முறுக்கிடுவாங்க. அடுத்தது, ஓடிக்கிட்டு இருக்கும்போது பக்கிள் கழண்டா என்ன ஆகும்? சட்டுனு டிரைவ் அறுபடற அமைப்பு ரேம்ப்ல ஆபத்து, வண்டி பின்னாடி உருளும். நல்ல அமைப்புல பஸ்ஸர் அடிச்சு வேகத்தைத் தவழற அளவுக்குக் குறைக்கும், நின்ன பிறகுதான் பூட்டும்.

இங்க நிறைய பேர் குழப்பிக்கறது: சீட்டை விட்டு எழுந்ததும் டீசல் வண்டி நியூட்ரலுக்குப் போறதும், லிஃப்ட் பூட்டறதும் ஹேண்ட்பிரேக் விழறது ஆகாது. பல வண்டியில ஹேண்ட்பிரேக் கையால போட்டாத்தான் உண்டு. சரிவுல எழுந்தா வண்டி நியூட்ரல்ல உருளும். இன்டர்லாக் போட்டோம்னு இதை மறந்துடாதீங்க.

பேட்டரி_ரூம் | 6 செப்டம்பர் 2024, இரவு 9.20

ரெண்டு நாளா எல்லாரும் பக்கிளையே பார்த்துக்கிட்டு இருக்கோம். பெல்ட் எதுல போல்ட் ஆகியிருக்குன்னு யாராவது குனிஞ்சு பார்த்தீங்களா?

சீட்ல. சீட் எதுல? இன்ஜின் ஹூட் மேல. எலக்ட்ரிக்ல பேட்டரி மூடி மேல. அந்த ஹூட்டைப் பிடிச்சுக்கிட்டு இருக்கறது பின்னாடியோ பக்கத்துலயோ ரெண்டு கீல், முன்னாடி ஒரு கொக்கி. வண்டி 90 டிகிரி சாயும்போது டிரைவரோட எடை, சீட்டோட எடை, மூடியோட எடை எல்லாம் அந்த ஒரு கொக்கியில தொங்கும். கொக்கி பூட்டலைன்னா மூடி திறந்து, பெல்ட் போட்ட டிரைவர் சீட்டோடயே வெளிய போவார். பெல்ட் போட்டும் பலன் பூஜ்யம்.

இது எங்க கெடுதுன்னா பேட்டரி மாத்தற இடத்துல. மூடியைத் திறந்து, பேட்டரியை இழுத்து, புதுசு ஏத்தி, மூடியைப் "படக்"னு சாத்திட்டுப் போயிடுவாங்க. சாத்தினா போதாது, கொக்கி விழுந்ததான்னு மூடியோட விளிம்பைப் பிடிச்சு மேல தூக்கிப் பார்க்கணும். ஒரு சென்டிமீட்டர் எம்பினாலும் விழலைன்னு அர்த்தம். கேபிளோ கோணிச் சாக்கோ விளிம்புல மாட்டியிருக்கும். பேட்டரி வண்டியில பக்கவாட்டு பேட்டரி தடுப்புத் தகடும் பார்க்கணும். 48 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி பல வண்டியில ஒரு டன் கிட்ட. அது நழுவி வெளிய வந்தா எடை மையமே இடம் மாறிடும்.

டீசல்ல ரேடியேட்டர் தண்ணி பார்த்துட்டு ஹூட்டை மூடும்போது பெல்ட்டோட நாடா விளிம்புல மாட்டி நசுங்கும். நாடாவில குறுக்கே ஒரு பளபளப்பான கோடு இருந்தா அதுதான். அந்த இடத்துல இழை வெட்டுப்பட்டிருக்கும், மாத்திடணும்.

சிவப்பு_டேக் | 6 செப்டம்பர் 2024, இரவு 9.45

என் செக்லிஸ்ட்டுல "பெல்ட்: சரி / இல்லை"ன்னு ஒரே ஒரு கட்டம்தான் இருக்கு. ஹூட் கொக்கி அதுல இல்லவே இல்ல. நாளைக்கே மாத்தறேன்.

சிவப்பு_டேக் | 8 செப்டம்பர் 2024, காலை 10.30

மாத்தின செக்லிஸ்ட், காலை ஷிஃப்ட்டுல அரை நிமிஷம்: நாடாவை முழுசா வெளிய இழு, ரெண்டு பக்கமும் விரலால தடவு. வெட்டு, சுருக்கம், வெல்டிங் பொறி பட்ட ஓட்டை, ஆசிட் பட்டு வெளுத்த இடம் இருக்கா பார். விடு, தானா முழுசா உள்ள போகணும். வெடுக்குனு இழு, பூட்டணும். மாட்டு, "க்ளிக்" கேட்கணும். நாக்கைப் பிடிச்சு இழு, வரக் கூடாது. கட்டை விரல் ஒண்ணால அமுக்கினா கழலணும். சீட்டைப் பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டு, தண்டவாளத்துல ஆட்டம் இருக்கக் கூடாது. ஹூட் விளிம்பைத் தூக்கிப் பார்.

ஒருதடவை கவிழ்ந்த வண்டியோட பெல்ட்டை, பார்க்க நல்லா இருந்தாலும், மாத்திடணும். இழை உள்ளுக்குள்ள இழுபட்டிருக்கும்.

பேட்டரி_ரூம் | 8 செப்டம்பர் 2024, பகல் 12.10

நல்லா இருக்கு. கூட மூணு. பக்கிள் இறுகினா கிரீஸ், டீசல், டபிள்யூடி-40 எதுவும் அடிக்காதீங்க. மாவு மில், சிமென்ட் கிடங்குல அது தூசியைப் பிடிச்சு ரெண்டே வாரத்துல களிமண் ஆக்கிடும். காத்து அடிச்சு ஊதுங்க, நாடாவை சோப்புத் தண்ணியில துடைங்க, பிளீச்சிங் வேண்டாம். ரெண்டாவது, போல்ட் தொலைஞ்சா ஹார்டுவேர் கடையில கிடைச்சதைப் போடாதீங்க. தலையில 8.8ன்னு வலிமைத் தர எண் பொறிக்காத போல்ட்டை அங்க பார்த்தா வண்டியை நிறுத்திடுவேன், தயாரிப்பாளர் சொன்ன தரம் அதைவிட மேலயும் இருக்கலாம். மூணாவது எலி. அரிசி, பருப்பு கிடங்குல சீட் சுவிட்ச் வயரைத்தான் முதல்ல கடிக்கும். இன்டர்லாக் திடீர்னு வேலை செய்யலைன்னா டிரைவரைச் சந்தேகப்படறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சுப் பாருங்க. பல் தடம் தெரிஞ்சா டிரைவர் நிரபராதி.

ரீச்_டிரக்_44 | 9 செப்டம்பர் 2024, இரவு 8.00

நின்னு ஓட்டற வண்டி பத்திச் சொல்றேன்னு விட்டுட்டேன். பின்பக்கம் திறந்திருக்கிற, நின்னு ஓட்டற வண்டியில பெல்ட் கிடையாது, போடவும் கூடாது. பக்கவாட்டுல சாய ஆரம்பிச்சா பின்னாடி காலெடுத்து வெச்சு வெளிய விலகிப் போகணும். உட்கார்ந்து ஓட்டற வண்டிக்கு "விடாதே", இதுக்கு "விட்டுப் போ". ஒரே டிரைவர் ரெண்டையும் மாத்தி மாத்தி ஓட்டற கிடங்குல இதுதான் பெரிய தலைவலி. வண்டி மாத்தறதுக்கு முன்னாடி வாயால சொல்ல வைக்கறதைத் தவிர நல்ல வழி எனக்குப் படல. ஆர்டர் பிக்கர்ல டிரைவரும் சேர்ந்து மேல போறதால அது உயரப் பிரச்சினை. அங்க உடம்புக் கவசமும் கயிறும், இடுப்பு பெல்ட் இல்ல. உட்கார்ந்து ஓட்டற ரீச் டிரக்குக்கு (ராக்குக்குள்ள ஃபோர்க்கை நீட்டற வண்டி) மேனுவலைப் பாருங்க, வண்டிக்கு வண்டி மாறும்.

ஜூரோங்_நைட்_ஷிஃப்ட் | 10 செப்டம்பர் 2024, அதிகாலை 2.40

கோல்டு ஸ்டோர் ஆளுங்களுக்கு ஒரு வார்த்தை. மைனஸ் 20-ல தடிச்ச ஜாக்கெட் மேல பெல்ட் போட்டா அது வயித்து மேல நிக்கும். ஜாக்கெட்டைத் தூக்கிட்டு இடுப்பு எலும்புல பதியற மாதிரி போடணும். வயித்துல போட்டா சாயும்போது குடல்ல அழுத்தும். பெரிய உடம்புக்காரருக்கு நீளம் பத்தலைன்னா தயாரிப்பாளர்கிட்ட நீட்டிப்புத் துண்டு கிடைக்கும். முடிச்சுப் போட்டு இணைக்கறது, தையல் கடையில தைக்கறது எல்லாம் வேண்டாம். பெல்ட் இல்லாமலே ஓட்டறதுக்கு முதல் காரணமா "பத்தல"ன்னு யாரும் வெளிய சொல்ல மாட்டாங்க, கூச்சம். சூப்பர்வைசர்தான் கண்ணால பார்த்துக் கேட்காம வாங்கிக் கொடுக்கணும்.

சிவப்பு_டேக் | 10 செப்டம்பர் 2024, காலை 9.15

நாடா நிறத்தையும் சேர்த்துடறேன். கறுப்பு பெல்ட் கறுப்பு சீட்ல, கறுப்புப் பேன்ட் மேல தெரியாது. மாத்தற அன்னிக்கு ஆரஞ்சு நிறம் கேளுங்க, 30 மீட்டர்லேர்ந்து தெரியும். போட்டிருக்கானா இல்லையான்னு வண்டியை நிறுத்திக் குனிஞ்சு பார்க்க வேண்டியதில்ல, திட்டற சத்தமும் குறையும்.

கோடவுன்_கீப்பர் | 12 செப்டம்பர் 2024, இரவு 9.05

எண்ணிப் பார்த்தோம். ஒரு டிரைவர் 94 தடவை இறங்கினார், அதுல 51 ஸ்கேனருக்காக. மாஸ்ட் பக்கம் ஹோல்டர் போட்டு ஒரு வண்டியில சோதனை ஓட்டம் நாளைக்கு.

ஆறு வண்டியிலயும் ஹூட்டைத் தூக்கிப் பார்த்தேன். அஞ்சு சரி. ஒரு எலக்ட்ரிக்ல கொக்கி விழவே இல்ல, மூடி நாலு விரல் எம்புது. அந்த வண்டி பெல்ட்டுதான் எல்லாத்துலயும் புத்தம் புதுசு. சாவியை எடுத்து டிராயர்ல வெச்சுட்டேன். கொக்கி செட் ஆர்டர் பண்ண வருஷ மாடல் சொன்னா போதுமா?

பேட்டரி_ரூம் | 12 செப்டம்பர் 2024, இரவு 9.22

போதாது அண்ணே. ஒரே வருஷத்துல ரெண்டு மூணு வகை கொக்கி வந்திருக்கும். டேஷ் பக்கத்துலயோ சீட்டுக்கு முன்னாடியோ இருக்கிற தகட்டுல சீரியல் நம்பரைப் படம் பிடிச்சு அனுப்புங்க. தகடு பெயின்ட் அடிச்சு மறைஞ்சிருந்தா சேஸிஸ்லயே குத்தியிருக்கும், துணியால துடைச்சுப் பாருங்க. கீலோட பின்னையும் சேர்த்து ஆர்டர் பண்ணுங்க. கொக்கி விழாததுக்குப் பாதி நேரம் கீல் தேய்ஞ்சு மூடி ஒரு பக்கம் நகர்ந்ததுதான் காரணம்.